ஒரு பெருக்கல் கணக்கும் மூணு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளும்

கணிதத்தில் ஆர்வம் இருக்கிற எல்லார் கண்ணிலும் ஒரு தடவையாவது இந்தக் கதை பட்டிருக்கும். 1903, அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். ஃப்ராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் பேச வருகிறார். வாயைத் திறக்கவே இல்லை. கரும்பலகையில் 2-ஐ 67 தடவை பெருக்கிக் கிடைக்கும் எண்ணைப் போட்டு, அதிலிருந்து 1-ஐக் கழிக்கிறார். பிறகு பலகையின் காலியான பக்கத்துக்குப் போய், வேறு இரண்டு எண்களை எழுதி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி வரிவரியாகப் பெருக்குகிறார். இரண்டு விடையும் ஒன்றே. சாக்பீஸை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்துவிடுகிறார். அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. "இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆச்சு?" என்று பின்னாளில் ஒருவர் கேட்டதற்கு, "மூணு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்" என்றாராம்.

அவர் பலகையில் எழுதியது இது:

2⁶⁷ − 1 = 147573952589676412927 = 193707721 × 761838257287

நல்ல கதைதான். ஆனா ரொம்ப நல்லா இருக்கிற கதைகளைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். இதில் எது நிஜம், எது சேர்த்தது, அதைவிட முக்கியமா, ஒரு பெருக்கல் கணக்குக்கு ஏன் கைதட்டணும்? இந்த மூணு கேள்விக்கும் நான் தேடிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்ணைச் சரிபார்ப்போம்

நம்ம தொழில் புத்தி அப்படி. பிரவுசரைத் திறந்து, ஜாவாஸ்கிரிப்ட் கன்சோலில் இரண்டு காரணிகளையும் பெருக்கிப் பார்த்தேன். வந்த விடை 147573952589676410000. கடைசி நாலு இலக்கமும் சுழி! இரண்டு ஒற்றைப்படை எண்களைப் பெருக்கினால் கடைசியில் சுழி எப்படி வரும்? சரி, 2⁶⁷ − 1 என்று நேரடியாகக் கேட்டால்? அதற்கும் அதே விடை. இரண்டும் சமமா என்று கேட்டால் "ஆமாம்" என்கிறது. 1-ஐக் கழிக்காத 2⁶⁷-ம் இதற்குச் சமமா என்று கேட்டாலும் "ஆமாம்" என்கிறது!

காரணம் நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்களுக்கு 53 பிட் அளவுக்குத்தான் துல்லியம். இந்த எண்ணுக்கு 67 பிட் வேண்டும். 64 பிட் முழு எண்ணில்கூட அடங்காது, மூணு பிட் வழிந்துவிடும். சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நாலு என்று வைக்கும் கதை தெரியும் இல்லையா? 64 கட்டத்துக்கும் சேர்த்து 2⁶⁴ − 1 அரிசி. இன்னும் மூணு கட்டம் சேர்த்தால் நம்ம எண். நம்ம வழக்கில் சொன்னால் பதினாலே முக்கால் லட்சம் கோடி கோடி. பைத்தானில் போட்டால் 21 இலக்கமும் பிசகாமல் வருகிறது. கோலின் பெருக்கல் சரி.

பாதிரியாரின் பட்டியல்

இந்த எண் மேல் ஏன் எல்லாருக்கும் கண்? அதற்கு 1644-க்குப் போகணும். மாரன் மெர்சென் (1588–1648) என்பவர் பாரிஸில் இருந்த ஒரு கத்தோலிக்கத் துறவி. அந்தக் காலத்தில் ஆராய்ச்சி இதழ்கள் கிடையாது. யார் எதைக் கண்டுபிடித்தாலும் இவருக்குக் கடிதம் எழுதுவார்கள், இவர் மற்றவர்களுக்கு எழுதுவார். அவர் காலத்துக் கணித உலகத்துக்குத் தபால் நிலையமே அவர்தான்.

2 × 2 × 2... என்று பெருக்கி, அதில் 1-ஐக் கழித்தால் சில சமயம் பகா எண் வரும்: 3, 7, 31, 127. சில சமயம் ஏமாற்றும்: 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அடுக்கில் இருக்கும் எண் பகு எண்ணாக இருந்தால் விடையும் கட்டாயம் பகு எண்தான். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் வாய்ப்பு உண்டு, உத்தரவாதம் இல்லை. இப்படிப்பட்ட ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஒரு நிறைவு எண் உண்டு என்று யூக்ளிட் காலத்திலேயே தெரியும். (6, 28, 496 மாதிரி, தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வருகிற எண்கள்.) அதனால் இந்த வகை மேல் ஆயிரக்கணக்கான வருஷமாக மோகம்.

மெர்சென் தன் 1644 புத்தகத்தில் துணிச்சலாக ஒரு பட்டியல் போட்டார். அடுக்கு 257 வரைக்கும், 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய அடுக்குகளுக்கு மட்டும்தான் பகா எண் வரும், மற்றது எதற்கும் வராது என்றார். 2²⁵⁷ − 1-க்கு 78 இலக்கம்! அந்தக் காலத்தில் இதையெல்லாம் யாராலும் வகுத்துப் பார்த்திருக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. ஆனாலும் மனுஷன் ஏதாவது ரகசிய விதி வைத்திருப்பாரோ என்ற சந்தேகம் இருநூறு வருஷத்துக்கு மேல் ஓடியது.

பட்டியலை ஒவ்வொன்றாகச் சோதித்தவர்களின் வரிசை நீளமானது. 1772-ல் ஆய்லர், 2³¹ − 1 = 2147483647 பகா எண்தான் என்று நிறுவினார். (32 பிட் எண்ணோடு மல்லுக்கட்டிய எந்த ப்ரோக்ராமருக்கும் இந்த எண் மறக்காது.) 1883-ல் ரஷ்யாவில் பெர்வூஷின் என்ற பாதிரியார், பட்டியலில் இல்லாத 61-க்கும் பகா எண் வருகிறது என்று காட்டினார். உடனே சிலர் மெர்சென்னைக் காப்பாற்றப் பார்த்தார்கள்: அவர் 61 என்றுதான் எழுதியிருப்பார், அச்சில் 67 ஆகியிருக்கும்! அந்த வாதமும் நிலைக்கவில்லை. 1911-ல் 89-ம், 1914-ல் 107-ம் பகா எண் தருபவை என்று தெரிந்தன. 257 பகு எண் என்று பின்னாளில் தெரிந்தது. 1947-க்குள் மொத்தப் பட்டியலும் சோதித்து முடிந்தது. 257 வரை உள்ள 55 பகா அடுக்குகளில் மெர்சென் ஐந்தில் தப்பு: 61, 89, 107-ஐ விட்டுவிட்டார், 67, 257-ஐத் தப்பாகச் சேர்த்துவிட்டார்.

இதில் 67 பற்றி 1903-ல் கோல் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தது என்று நினைத்தால் தப்பு. பலர் எழுதும்போது இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

தட்டிப் பார்த்த தேங்காய்

2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று 1876-லேயே எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் சொல்லிவிட்டார். கோலுக்கு 27 வருஷம் முன்னால். ஆனா லூக்காவால் ஒரு காரணியைக்கூடக் காட்ட முடியவில்லை. எதால் வகுபடும் என்று தெரியாமலே, வகுபடும் என்று மட்டும் உறுதியாகச் சொல்வது எப்படி?

சந்தையில் தேங்காய்க்காரர் காயை உடைத்தா பார்க்கிறார்? தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுகிறார். லூக்கா செய்ததும் அப்படித்தான். அவர் முறையை 1930-ல் லேமர் எளிமையாக்கிக் கொடுத்தார். அந்த வடிவத்தில் சொல்கிறேன், பேப்பரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

4-ல் தொடங்குங்க. வர்க்கம் எடுத்து 2-ஐக் கழிங்க. வரும் விடையைச் சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்க. திரும்ப அதையே செய்யுங்க. அடுக்கில் 2 குறைவான தடவை செய்ததும் மீதி சுழி வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். அவ்வளவுதான்.

127-க்கு (அடுக்கு 7, அதனால் ஐந்து தடவை): 4 → 14 → 67 → 42 → 111 → 0. சுழி வந்துவிட்டது. 127 பகா எண்.

2047-க்கு (அடுக்கு 11, ஒன்பது தடவை): 4 → 14 → 194 → 788 → 701 → 119 → 1877 → 240 → 282 → 1736. சுழி இல்லை. ஆகவே பகு எண். ஆனா கவனிங்க, இந்தச் சங்கிலியில் எங்கேயாவது 23 என்றோ 89 என்றோ தென்பட்டதா? இல்லை. தட்டினதில் சத்தம் தெரிந்தது. உள்ளே என்ன இருக்கு என்று தெரியவில்லை.

அதே 1876-ல் லூக்கா, 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்றும் நிறுவினார். அடுத்த 75 வருஷம், 1951 வரை, உலகத்துக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் அதுதான். இன்றைக்கும் கையால் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததில் அதுவே பெரிசு.

ஆக, 1876 முதல் 1903 வரை இந்த எண்ணின் நிலைமை விசித்திரமானது. உடையும் என்று தெரியும். எங்கே உடையும் என்று தெரியாது. கோல் அடைத்தது அந்த இடைவெளியைத்தான்.

மூணு வருஷ ஞாயிறு போதுமா?

இப்ப கதையின் அந்தப் பகுதிக்கு வருவோம். மூணு வருஷத்தில் 156 ஞாயிறு. அது சாத்தியமா? நான் போட்ட கணக்கைக் கொடுக்கிறேன், மதிப்பீடுதான்.

கண்ணை மூடிக்கொண்டு 3, 5, 7, 11 என்று வகுத்துக்கொண்டே போனால் 19 கோடியைத் தாண்டினால்தான் முதல் காரணி கிடைக்கும். மனுஷனால் ஆகாது. ஆனா அப்படிப் போகத் தேவையில்லை. 2⁶⁷ − 1-ஐ வகுக்கிற எந்தப் பகா எண்ணும் 134-ன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும். இந்த விதி 1640 வாக்கிலேயே ஃபெர்மாவுக்குத் தெரியும். இதை வைத்துத்தான் 2³⁷ − 1 என்பது 223-ஆல் வகுபடும் என்று கண்டுபிடித்தார் (223 = 74 × 3 + 1). நம்ம காரணியும் இதற்குக் கட்டுப்பட்டதுதான்: 193707721 = 134 × 1445580 + 1.

இன்னொரு சல்லடை. 2⁶⁷-ஐ நம்ம எண்ணால் வகுத்தால் மீதி 1. இரண்டு பக்கமும் இன்னொரு 2-ஆல் பெருக்குங்க. 2⁶⁸-க்கு மீதி 2. ஆனா 2⁶⁸ என்பது 2³⁴-ன் வர்க்கம். அதாவது ஒரு வர்க்க எண் மீதியாக 2-ஐத் தருகிறது. எண்ணுக்கு இது உண்மை என்றால் அதன் ஒவ்வொரு காரணிக்கும் உண்மை. அப்படி 2-ஐ வர்க்க மீதியாகத் தரும் பகா எண்களை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டும்தான் வரும். இதனால் பாதி ஆட்கள் வெளியே.

இரண்டு சல்லடையும் போட்டு, 3, 5, 7, 11-ஆல் வகுபடுபவற்றையும் தள்ளிவிட்டால், 193707721 வரை சுமார் 3 லட்சம் எண்கள் மிஞ்சும். 156 ஞாயிறுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 1,900-க்கு மேல் நெடுவகுத்தல், ஒவ்வொன்றிலும் 21 இலக்க எண்ணை வகுக்கணும். முடியவே முடியாது. என் லேப்டாப் இதை ஒரு நொடிக்குள் முடித்துவிட்டது, அது வேற விஷயம்.

அப்படின்னா கதை பொய்யா? அவசரப்பட வேண்டாம். கோலின் கட்டுரை கழகத்தின் இதழில் அச்சாகி இருக்கிறது. "பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி" என்ற அடக்கமான தலைப்பு. அவர் நம்பியது முரட்டு வகுத்தலை அல்ல, வர்க்க மீதிகளை. மேலே 2-க்குச் செய்த அதே வித்தைதான். 2-க்குப் பதில் வேறொரு சின்ன எண் வர்க்க மீதியாகக் கிடைத்தால், மிஞ்சியிருப்பதில் இன்னொரு பாதி போய்விடும். இன்னொன்று கிடைத்தால் கால்வாசிதான் மிச்சம். எட்டு கிடைத்தால் 3 லட்சம் சுமார் 1,200 ஆகிவிடும். அதை 156 ஞாயிறுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏழெட்டு வகுத்தல். மீதிகளைத் தேடும் உழைப்பு, சலிக்கும் உழைப்பு, தப்பு வந்து திரும்பப் போட்ட நாட்கள் எல்லாம் சேர்த்தாலும், வேலைக்குப் போகிற ஒருவர் ஓய்வு நாளில் செய்யக்கூடியதுதான். ஆக, "மூணு வருஷ ஞாயிறு" நம்பக்கூடிய கால அளவு. பொறுமை மட்டும் இருந்திருந்தால் போதாது, சல்லடையும் தெரிந்திருக்கணும்.

சாட்சி யார்?

இந்தக் கதை முழுவதும் ஒரே ஆள் மூலமாகத்தான் நமக்கு வந்திருக்கிறது. எரிக் டெம்பிள் பெல். கணித மேதைகளின் வாழ்க்கையைச் சுவையாக எழுதி ஒரு தலைமுறையையே கணிதத்துக்கு இழுத்தவர். சுவைக்காகக் கொஞ்சம் மசாலா தூவுவார் என்ற பேரும் அவருக்கு உண்டு. இந்தக் கதையை அவர் புத்தகத்தில் எழுதியது 1951-ல். சம்பவம் நடந்து 48 வருஷம் கழித்து.

1903-ல் பெல் இருந்தது கலிஃபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டு மாணவராக. நியூயார்க் கூட்டத்தில் அவர் இல்லை. அதனால் அந்த மௌனம், எழுந்து நின்ற கைதட்டல் எல்லாம் அவர் கண்ணால் பார்த்தது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விஷயம் அப்படியல்ல. பெல் 1912-ல் முனைவர் பட்டம் வாங்கியது கொலம்பியா பல்கலைக்கழகத்தில். அவருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் சாட்சாத் கோல்! 1911-ல் தானே கோலிடம் கேட்டதாகப் பெல் எழுதுகிறார். மாணவன் வாத்தியாரிடம் நேரில் கேட்டு வாங்கிய பதில். கூட்டத்து நாடகத்தைவிட இந்த ஒரு வரிக்கு எடை அதிகம் என்று நினைக்கிறேன். பகிரப்படும்போது ரெண்டும் ஒரே தராசில் போய்விடுகின்றன, அதுதான் சிக்கல்.

என் தீர்ப்பு இது. காரணிகளும், தேதியும், கட்டுரையும் உறுதி. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் நிஜம். கைதட்டலை ரசிக்கலாம், சத்தியம் பண்ண வேண்டாம்.

கோல் பிறகு புகழ் தேடி அலையவில்லை. கழகத்தின் செயலாளராகவும் இதழாசிரியராகவும் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு, ஓய்வு பெறும்போது தன் பணத்தையும் போட்டு ஒரு பரிசு நிதியைத் தொடங்கி வைத்தார். ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவிய ஆண்ட்ரூ வைல்ஸுக்கு 1997-லும், மஞ்சுள் பார்கவாவுக்கு 2008-லும் கிடைத்த கோல் பரிசு அதுதான்.

அந்த 27 வருஷ இடைவெளி இன்றைக்கு

கைதட்டலுக்குக் காரணம் என்ன என்ற மூணாவது கேள்வி பாக்கி இருக்கிறது.

1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் மூணு பேரும் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு இரண்டு விஷயம் வேணும். ஒண்ணு, பெரிய பகா எண்களைச் சட்டென்று கண்டுபிடிக்க முடியணும். ரெண்டு, அவற்றைப் பெருக்கி வெளியே வைத்தால் யாராலும் திரும்பப் பிரிக்க முடியக்கூடாது. ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்கக் காரணிகளைத் தேடித்தான் ஆகணும் என்றால் இந்த முறை பிறந்திருக்கவே முடியாது. தட்டிப் பார்ப்பது சுலபம், உடைப்பது கஷ்டம் என்ற ஏற்றத்தாழ்வுதான் இதன் அஸ்திவாரம். லூக்காவுக்கும் கோலுக்கும் நடுவே இருந்த 27 வருஷம் என்பது அதே ஏற்றத்தாழ்வின் ஒரு பழைய அளவீடு.

2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக் முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும் சேர்ந்து, எந்த எண்ணையும் அது பகா எண்ணா இல்லையா என்று வேகமாகவும் ஐயமில்லாமலும் சொல்லிவிட முடியும் என்று நிறுவினார்கள். அந்த முறையும் காரணியைக் கேட்டால் கையை விரித்துவிடும். காரணிகளைத் தேடும் பக்கத்தில், 2020 பிப்ரவரியில் 250 இலக்க ஆர்எஸ்ஏ எண் ஒன்றை உடைத்தார்கள். ஒரே ஒரு பிராசசர் கோரில் ஓட்டியிருந்தால் சுமார் 2,700 வருஷம் பிடிக்கும் வேலை அது. இன்று பல இணையதளங்கள் பயன்படுத்தும் 2048 பிட் சாவிக்கு 617 இலக்கம்.

ஆனா எவ்வளவு கஷ்டப்பட்டு உடைத்திருந்தாலும், உடைத்தது சரியா என்று பார்க்க ஒரு பெருக்கல் போதும். கோல் அன்றைக்குத் தன் சல்லடையை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, "என்னை நம்புங்க" என்று சொல்ல வேண்டியதும் இல்லை. மூணு வருஷ உழைப்பைப் பார்வையாளர்கள் சில நிமிஷத்தில் தாங்களே சரிபார்த்துக்கொண்டார்கள். நிஜமாகவே எழுந்து கைதட்டியிருந்தால், அதற்காகத்தான் தட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். 761838257287-ஐ 193707721-ஆல் பெருக்க எட்டு வரி வேணும். 7-ஆல் பெருக்கிய வரி மூணு தடவை வருவதால் வேலை கொஞ்சம் மிச்சம். முதல் தடவை ஒரு இடத்தில் மீதம் ஏற்ற மறந்து தப்பாகிவிட்டது. ரெண்டாவது தடவை, நாற்பது நிமிஷத்தில், கடைசி இலக்கம் 7 வரைக்கும் சரியா வந்தது. வீட்டில் யாரும் கைதட்டவில்லை. நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்க, கால்குலேட்டர் இல்லாம.